உழப்படாத நிலம் யாருக்கு உரியது?

ஒருவனை எதற்கும் உதவாதவன் என்று இகழ வேண்டுமானால் நம் தெருக்களில் வழங்கும் வசவுகளுள் ஒன்று 'புறம்போக்கு'. நெல்லித்தோப்புச் சந்தையில் எடையைப் பற்றி வாக்குவாதம் எழுந்தாலும் சரி, பேருந்தில் இருக்கைக்காகச் சச்சரவு நேர்ந்தாலும் சரி, இரண்டாம் மூன்றாம் வசவாக அது வந்து விழுந்துவிடும். சொல்பவரும் அதன் பொருளை எண்ணுவதில்லை, கேட்பவரும் எண்ணுவதில்லை. ஆயின் அச்சொல்லின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. ஊரின் வரிக்கணக்கிற்குப் புறத்தே போகும் நிலம் புறம்போக்கு. வருவாய்த் துறையின் ஏடுகளில் ஏரிப் புறம்போக்கு, களப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாட்டை, சுடுகாடு என்று அது விரிந்துகொண்டே போகும். ஊரார் பருகும் நீரும், ஆடுமாடுகளின் தீனியும், கதிரடிக்கும் களமும், இறுதியாக அவர்கள் உறங்கச் செல்லும் இடமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தனியொருவருக்கு உரியதாகாமல் எல்லாருக்கும் பயன்பட்டு வந்த நிலம் அது. வரி தராததால் கணக்கிற்கு வெளியே நின்றது. கணக்கிற்கு வெளியே நின்றதால் பயனற்றதென்று கருதப்பட்டது. பின்னர் மனிதரைத் தூற்றும் சொல்லாகவும் இழிந்தது. ஒரு மொழியில் பொதுச்சொத்தின் பெயர் வசவாக மாறுமளவிற்கு அம்மக்களின் மனத்தில் என்ன நேர்ந்திருக்க வேண்டும்?

உழாமலும் விதைக்காமலும் வேலியிடாமலும் கிடக்கும் நிலம் யாருடையது? அதனை வெறுமையானது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? வழக்குமன்றத்தில் எழுப்பத் தக்க கேள்விகளாகத் தோன்றினும் இவை அடிப்படையில் அறக் கேள்விகளே. இவற்றைத் தெளிவாகக் காண உதவும் ஓரிடம், மனிதர் வாழும் ஊர் முடிந்து, எவரும் பயிரிடாத மேட்டுப் புல்வெளி தொடங்கும் அந்த விளிம்பாகும்.

ஆங்கில இலக்கியம் பயின்றோர்க்கு அத்தகைய விளிம்பு ஒன்று நன்கு அறிமுகமானது. வட இங்கிலாந்தின் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர், கருங்கல் வீடுகள், மேட்டின்மேல் கோவிலும் கல்லறைத் தோட்டமும், கடைசி வீட்டின் மதிலுக்கு அப்பால் மரமின்றி, குறும்புதர்களும் புல்லும் போர்த்து, காற்று மட்டும் உலவும் புன்னிலம். 'மூர்' என்று அதனை ஆங்கிலேயர் அழைப்பர். எமிலி பிராண்டி 1847-இல் வெளியிட்ட 'உதரிங் ஹைட்ஸ்' எனும் புதினம், அவருடைய தந்தை 1820 முதல் ஆங்கிலிக்கக் குருவாகப் பணியாற்றிய ஹாவர்த் எனும் ஊரின் விளிம்பிலிருந்து பிறந்ததே. அந்தப் புன்னிலம் மனித உள்ளத்தின் கொந்தளிப்பிற்கு உருவகம் என்று நம் கல்லூரிகளில் கற்பிக்கின்றனர். சரியே. ஆனால் அதன் ஓரத்தில் வாழ்ந்த ஏழைக் குடியானவனுக்கு அது உருவகமன்று. அவன் வீட்டு அடுப்பை எரியச் செய்த நிலம். ஈரமான அம்மேடுகளில் பாசியும் புல்லும் முழுதும் மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரிய மண்ணாகப் படிந்து கிடக்கின்றன. அதனைப் பாளம் பாளமாக வெட்டி, உலர்த்தி, எரிபொருளாக்கினர். அங்கே ஆடுகளை மேய்த்தனர். பெரணியை அறுத்துவந்து மாட்டுக்கொட்டிலில் பரப்பினர். மண் பிரபுவுக்குச் சொந்தமாக இருக்கலாம். மண்மேல் மேய்ப்பதற்கும், கரிமண் வெட்டுவதற்கும், விறகு பொறுக்குவதற்கும் ஊராருக்கு வழிவழி வந்த உரிமை இருந்தது. ஒரே நிலத்தின்மீது பலருடைய உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. சொத்து என்றாலே ஒரு பட்டா, ஒரு பெயர், ஒரு வேலி என்று பழகிவிட்ட நமக்கு இது வியப்பாயிருக்கலாம்.

அவ்வுரிமைகள் எவ்வாறு மறைந்தன என்பது நெடிய கதை. 1604-க்கும் 1914-க்கும் இடையே இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றி, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் கொண்டுவந்தது. அந்நாட்டுப் பரப்பில் இது ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதி. திருடாமலும் கொள்ளையடிக்காமலும், முறையாக மனுக் கொடுத்து, அளந்து, முத்திரையிட்டு இது நடந்தேறியது.

இதற்கு வெகு காலம் முன்னரே இத்தீமையைக் கண்டு கொதித்தவர் புனித தாமஸ் மோர். 1516-இல் அவர் இலத்தீனில் எழுதிய 'உத்தோப்பியா' எனும் நூலின் முதற்பகுதியில், கம்பளி வாணிபத்தின் பேராசையால் உழவர் நிலத்தினின்று துரத்தப்பட்டு, ஆடு மனிதரை உண்ணும் நிலை வந்துவிட்டதென்று கடிந்துரைக்கிறார். ஆயினும் அதே நூலின் இரண்டாம் பகுதியில், தான் கற்பனை செய்த நன்னாட்டினர் தம் மக்கள்தொகை பெருகும்போது அயல் நிலத்தில் குடியேறுவர் என்றும், அங்குள்ளோர் தாமும் பயிரிடாமல் பிறரையும் பயிரிட விடாமல் நிலத்தை வீணே வைத்திருந்தால் அவர்கள்மேல் போர் தொடுப்பதை நீதியென்று கருதுவர் என்றும் அவர் எழுதியுள்ளார். கற்பனை நாட்டின் வழக்கத்தையெல்லாம் ஆசிரியரின் சொந்தக் கருத்தாகக் கொள்ளலாகாது என்று அறிஞர் எச்சரிப்பர். அதனை ஏற்றுக்கொண்டாலும், தன் நாட்டு ஏழையின் மேய்ச்சல் நிலத்திற்காகக் கண்ணீர் வடித்த பேனாவே, அயல்நாட்டு மேய்ப்பனின் நிலத்தை வீண் நிலமென்று எழுத முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அருகிலிருப்பவனின் பயன்பாடு நம் கண்ணுக்குத் தெரிகிறது, தொலைவிலிருப்பவனுடையது தெரிவதில்லை.

மோரிடம் ஒரு வரியாக இருந்ததை ஜான் லாக் 1689-இல் தத்துவமாகவே நிறுவினார். உலகை இறைவன் மனுக்குலம் முழுமைக்கும் பொதுவாகவே தந்தார். ஒருவன் தன் உழைப்பை மண்ணோடு கலக்கும்போது அது அவனுக்குத் தனியுரிமை ஆகிறது. பிறருக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மீந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நியாயமானதே. உழைப்பவனுக்கே நிலம் என்று நம் நாட்டிலும் முழங்கினோம் அல்லவா? ஆனால் உழைப்பு என்று லாக் எதனைக் கண்டார்? உழுதல், நடுதல், வேலியடைத்தல், மேம்படுத்தல். மந்தையை ஓட்டிச் செல்வதும், பருவம் பார்த்துப் புல்லுக்குத் தீயிடுவதும், ஓர் ஆண்டு மேய்ந்த சரிவை மறு ஆண்டு ஓய விடுவதும் அவர் கண்ணுக்கு உழைப்பாகப் படவில்லை. நிலத்தின்மேல் கீறல் விழாவிட்டால் அங்கே உரிமையும் விழுவதில்லை.

இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டுதான் ஆங்கிலேயர் நீலகிரிக்கு ஏறினர். நமக்கும் அம்மலைக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 1846-இல் கோவைப் பகுதி தனியாகப் பிரிக்கப்படும்வரை அங்கிருந்த மறைப்பணி நம் புதுவை மறைத்தளத்தைச் சார்ந்தே இருந்தது. அதற்கும் முன்னே, 1603-இல், இயேசு சபைக் குருவானவர் யாக்கோமோ பெனிசியோ கோழிக்கோட்டிலிருந்து காட்டு வழியே அம்மலையில் ஏறினார். புனித தோமையாரின் வழிவந்த கிறிஸ்தவர் சிலர் விசுவாசத்தை மறந்து அங்கே வாழ்வதாக ஒரு வதந்தி. அதனை உறுதி செய்துவர ஆயர் பிரான்சிஸ்கு ரோஸ் அவரை அனுப்பினார். கிறிஸ்தவர் எவரையும் அவர் காணவில்லை. எருமைகளை மேய்த்து, பாலையே பேருணவாகக் கொண்டு வாழ்ந்த தோடர்களைக் கண்டார். அவர்களுடைய பூசாரியோடு அமர்ந்து உரையாடினார். கண்டதை எழுதி அனுப்பினார். ஐரோப்பியர் ஒருவர் தோடரைப் பற்றி எழுதிய முதற் குறிப்பு அதுவே. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் தோடரைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் அதன் மொழிபெயர்ப்பைப் பிற்சேர்க்கையாகத் தந்துள்ளார். தாம் தேடிச் சென்றது அங்கில்லை என்று அறிந்த பின்னும், இருந்தவர்கள் யார் என்று கேட்டு எழுதினாரே, அது சிறிய செயலன்று. பின்னால் வந்தவர் பலர் அதையும் செய்யவில்லை.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கத்திற்கு வந்தார். 1822-இல் உதகையில் தம் கல்வீட்டை எழுப்பத் தொடங்கினார். குளிர்ந்த காற்று, பனி, மரமற்று அலையலையாய்ப் புரளும் புல்மேடுகள், பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலைகள், சதுப்புகளில் கரிமண். ஊரை விட்டுப் பல்லாயிரம் கல் தொலைவில் வந்தவர்களுக்குப் பிறந்த மண் கண்முன் விரிந்தது போலிருந்தது. பிற்காலத்தில் அப்புல்வெளிக்குச் சென்னை ஆளுநர் ஒருவரின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று பெயரிட்டு, இங்கிலாந்தில் நரியை வேட்டையாடுவது போலவே இங்கே குள்ளநரியை நாய்களோடு துரத்தினர். தம் நாட்டுப் புன்னிலத்தை அவர்கள் இங்கே கண்டுகொண்டனர். அதன் ஓரத்தில் வாழும் குடியானவனை மட்டும் கண்டுகொள்ளவில்லை. உதகமண்டலம் என்னும் பெயரிலேயே மந்து, அதாவது தோடரின் குடியிருப்பு, ஒளிந்திருப்பதாகச் சொல்வர். ஊர்ப்பெயரே சாட்சி கூறிக்கொண்டிருக்க, வெற்றுமலை என்று எழுதினர்.

சல்லிவன் இதற்கு விலக்கு என்றே சொல்ல வேண்டும். மலை முழுவதற்கும் தோடரே உடைமையாளர்; அவர்களிடம் விலை கொடுத்தே நிலம் பெற வேண்டும் என்று அவர் சென்னை அரசோடு நெடுங்காலம் வாதிட்டார். அவருக்கு ஒரு வலுவான சான்று இருந்தது. மலையில் உழுது பயிரிட்ட படகர், தம் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடருக்கு ஆண்டுதோறும் அளந்து வந்தனர். முதலில் வந்தவர் அவர்களே, மண் அவர்களுடையதே என்பதற்கு அதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமா? அரசோ அதனை வாரமென்று ஏற்க மறுத்துவிட்டது. நிலம் அரசினுடையது, தோடருக்கு மேய்த்துக்கொள்ளும் சலுகை மட்டுமே உண்டு என்பது முடிவாயிற்று. பின்னர் ஒவ்வொரு மந்தைச் சுற்றியும் சில ஏக்கர் அளந்து கொடுக்கப்பட்டது. மலை முழுவதும் மேய்ந்த எருமைகளுக்குக் கணக்குப்பிள்ளையின் சங்கிலிக்குள் மேயும்படி உத்தரவு!

ஆயினும் சல்லிவனை நம் கதையின் நல்லவர் என்று எளிதில் முடிசூட்ட என் மனம் ஒப்பவில்லை. தோடரின் உரிமைக்காக வாதாடிய அவரே மலையைத் திறந்துவிட்டவர், ஏரி வெட்டியவர், ஐரோப்பியக் காய்கறிகளைப் புகுத்தியவர், தமக்கெனவும் பெருநிலம் சேர்த்தவர். உரிமையை ஏற்றுக்கொள்வது வேறு, அவ்வுரிமை உடையவனிடம் போய் 'உனக்கு இது வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்டு அவன் சொல்லுக்குக் கட்டுப்படுவது வேறு. 'வேண்டாம்' என்று விடை வந்திருந்தால் உதகை எனும் நகரம் எழுந்திருக்காது.

வேலிக்குப் பின் மரம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரமும், மலைமக்கள் கற்பூர மரம் என்றழைக்கும் தைல மரமும் விறகுக்காக நடப்பட்டன. அது சிறு தொடக்கமே. விடுதலைக்குப் பின் தோல் பதனிடச் சீகைப்பட்டையும், செயற்கைப் பட்டுக்கு மரக்கூழும் வேண்டுமென்று நம் அரசே புல்வெளிகளை வெட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. எனவே எல்லாப் பழியையும் வெள்ளையர்மீது சுமத்திவிட்டுக் கைகழுவ நமக்கு வழியில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கண்ணாடியை நாம் கழற்றவேயில்லை. மரமுள்ள இடம் வளம், புல்லுள்ள இடம் தரிசு என்று நம் பாடநூல்களும் கற்பித்தன. 1985-இல் நடுவண் அரசு தரிசு நில மேம்பாட்டுக்கென வாரியமே அமைத்தது. மேம்பாடு என்றால் பெரும்பாலும் மரம் நடுதல். நற்செயல்களுள் மரம் நடுதலை எவர்தான் குறை கூறுவர்?

இங்கேதான் மண் வாய் திறந்து பேசியது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து இந்திய அறிவியலாளர்கள் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் தழைத்திருந்ததைக் காட்டியது. காட்டை மனிதர் அழித்ததால் உண்டான தரிசு என்று எண்ணப்பட்ட நிலம், ஆதியிலிருந்தே புல்வெளி. பனிக்காலத்து உறைபனி திறந்த வெளியில் மரக்கன்றுகளைக் கொன்றுவிடுகிறது. பள்ளங்களின் அணைப்பில் சோலை பிழைக்கிறது. மேட்டில் புல் நிலைக்கிறது. அப்புல்லும் அதன் கீழுள்ள கரிமண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளைக் கசிய விடுகின்றன. பவானியும் மோயாறும் அங்கிருந்து பிறக்கின்றன. அந்நீர் காவிரியைச் சேர்கிறது. சமவெளி உழவன் தன் மருத நிலத்தைப் போற்றுகிறான். அந்த மருதத்திற்கு நீர் அனுப்பும் முல்லையைப் பயனற்றது என்கிறான். நிலங்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் முல்லையையே முதலில் வைத்தார் என்பதை நாம் மறந்து நெடுநாளாயிற்று.

பழனி மலையிலும் இதே கதை. மன்னவனூர், பூம்பாறை போன்ற ஊர்களுக்கு மேலே விரிந்து கிடந்த புல்வெளிகளில் மூன்றில் இரு பங்கு நாற்பதே ஆண்டுகளில் மரத்தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டதென்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் தெரிவித்தது. புல் போனதும் வரையாட்டிற்கு இடமில்லை, எருமைக்கு இடமில்லை, எருமை குறைந்தபின் தோடரின் பால்மனைச் சடங்குகளுக்குப் பொருளும் குறைகிறது.

மலைக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. நெல்லித்தோப்பிலிருந்து வடக்கே கோரிமேடு கடந்து செல்வோர் செம்மண் மேட்டைக் காண்பர். அதன் ஓரத்து ஊர் ஒன்றின் பெயர் இடையஞ்சாவடி. மந்தையோடு வந்த இடையன் தங்கி இளைப்பாறிய சாவடி என்று அப்பெயரே சொல்லவில்லையா? 1968-இல் ஆரோவில் அங்கே உருவாக்கப்பட்டபோது அம்மேடு மரமற்று, மழைநீர் அரித்த ஓடைகளோடு வறண்டிருந்தது. வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் மரம் நட்டு அதனைப் பசுமையாக்கியவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. மண் அரிப்பைத் தடுத்ததும் உண்மை. நீலகிரியைப் போல அது பழம்புல்வெளியும் அன்று. ஆயினும் அக்கதை சொல்லப்படும்போதெல்லாம் 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று தொடங்குவதைக் கவனிக்கிறேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் இடையனுக்குச் சாவடி எதற்கு?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் எதிர்வினா எழுப்பலாம். பசித்தவனுக்கு என்ன விடை? மேய்ப்பவனின் பழம் உரிமைக்காக நிலத்தை விட்டு வைத்தால், நிலமற்ற ஏழை எங்கே போவான்? இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வினா அன்று. அதற்கும் நீலகிரியே களமாயிற்று. 1964 அக்டோபரில் இலங்கையோடு செய்துகொண்ட சாஸ்திரி - சிறிமாவோ உடன்படிக்கையின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. ஐந்தாறு தலைமுறை தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அவர்களுள் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் இலங்கை மண்ணில். அவர்களை எவரும் கேட்கவில்லை. இரு பிரதமர்கள் எண்ணிக்கையைப் பங்கிட்டுக்கொண்டனர். அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் வனத்துறையின் நிலத்தில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. தகரக் கூரையின்கீழ் குளிரில் நடுங்கி, காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்த அவர்களை நோக்கி, 'நீங்கள் இயற்கையை அழித்தீர்கள்' என்று எவர் விரல் நீட்ட முடியும்?

உடைமையைப் பேணி நிர்வகிப்பது தனியொருவரின் பொறுப்பாயிருக்கலாம், அதன் பயன் பொதுவானதாகவே இருக்கவேண்டும் என்றும், உயிர் போகும் தேவையில் இருப்பவன் எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பசித்தவனின் உரிமை பட்டாவினும் பழையது. அது மேய்ப்பவனின் உரிமையினும் பழையதா என்று கேட்டால், இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மலைச்சரிவில் வேலை தந்த அதே காலத்தில் ஆலைகளுக்கான மரத்தோட்டங்கள் அவர்களைச் சுற்றி விரிந்துகொண்டிருந்தன. குந்தாத் திட்டத்தின் அணைகள் எழுந்து, எமரால்டு, அவலாஞ்சிப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. அம்மின்சாரம் நம் வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்தது. ஏழையின் பசியைக் காட்டி நிலத்தைத் திறப்பதும், திறந்தபின் பெரும்பங்கு வேறிடம் செல்வதும் உலகெங்கும் கண்ட வழக்கமே. மின்சாரமே வேண்டாமென்று எழுதுமளவிற்கு நான் துறவியல்லன். மண்ணெண்ணெய் விளக்கொளியில் இக்கட்டுரையை எழுதவுமில்லை. ஆனால் பெற்ற ஒவ்வொன்றிற்கும் விலை கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடன் நமக்கு உண்டு.

இஸ்ரயேல் மக்களுக்குத் தரப்பட்ட சட்டத்தில் ஏழாம் ஆண்டு நிலத்தை உழாமல் விடும்படி கட்டளை உள்ளது. நிலம் களைப்பாறும் என்பது மட்டும் அதற்குக் காரணமாகக் கூறப்படவில்லை. தானாக முளைப்பதை ஏழைகள் உண்ணட்டும்; அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் தின்னட்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். உழப்படாத நிலத்திலும் உண்பவர் உளர் என்பதை அச்சட்டம் அறிந்திருந்தது. வரிக்கணக்கு அறியாததை அறிந்திருந்தது என்றும் சொல்லலாம்.

இங்கிலாந்தின் புன்னிலங்கள் பின்னர் என்னவாயின? பலவற்றைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்தனர். 1932 ஏப்ரல் 24 அன்று, டார்பிஷயர் மாவட்டத்தில் ஹேபீல்டு எனும் புன்னில ஓரத்துச் சிற்றூரிலிருந்து சில நூறு தொழிலாளர், பெரும்பாலும் மான்செஸ்டர் ஆலை நகரத்து இளைஞர், தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1951-இல் அப்பகுதி அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் புன்னிலங்களில் நடந்து செல்லும் உரிமையை எல்லாருக்கும் தந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002-இல், அன்றைய நிலவுடைமையாளரின் வழிவந்த டெவன்ஷயர் பிரபு தம் முன்னோரின் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நடந்து செல்வோர்க்கு வழி திறந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கரிமண் வெட்டியவனும் மந்தை ஓட்டியவனும் அதற்கு வெகு முன்னரே ஆலை நகரங்களுக்குப் போய்விட்டிருந்தனர். ஞாயிற்றுக்கிழமை உலாவ வந்தவர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம்.

நம் நாட்டிலும் சில கதவுகள் திறந்துள்ளன. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பினின்று மீட்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 சனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. தமிழகத்தில் அது வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் பற்றிய திருமடலில், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களே முதன்மையான உரையாடல் பங்காளிகளாக இருக்க வேண்டுமென வலியுறுத்தினார்.

இப்பொழுது நீலகிரியிலும் பழனி மலையிலும் காற்று திசை மாறி வீசுகிறது. புல்வெளியே அம்மலைகளின் இயல்பு என்று அரசும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்நிய மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது; சீகையை வேரோடு பிடுங்கி, புல் வளர்க்கும் பணி சில சரிவுகளில் நடைபெறுகிறது. நல்ல பணி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அம்மரங்களின் ஓரத்திலும் ஊர்கள் வேர்விட்டுவிட்டன. உறைபனி இறங்கும் மாதங்களில் விடியுமுன் எழுந்து, சீகைக் காட்டிற்குள் சென்று, சுள்ளி பொறுக்கிச் சுமையாகக் கட்டி, தலையில் வைத்து இறங்கிவரும் பெண்கள் அங்கே உளர். அவர்கள் வீட்டு அடுப்பும், குளிர் காயும் கணப்பும் அந்தச் சீகையால்தான் எரிகின்றன. எந்தச் சரிவில் மரம் முதலில் வீழ்த்தப்பட வேண்டும், வீழ்த்தப்பட்ட மரம் யாருக்குச் சேர வேண்டும், அடுத்த மார்கழிக்கு விறகு எங்கிருந்து வரும் என்று அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.